புறாவுக்குக் கேட்காத புறா விரட்டி

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் புறாத் தொல்லைக்கு ‘அல்ட்ராசோனிக் விரட்டி’ (நமக்குக் கேட்காத அளவு கீச்சான ஒலி எழுப்பும் பெட்டி) வாங்கி மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்த விமர்சனம். ஆன்லைனில் பல பெயர்களில் வந்தாலும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்பக்கம் ஸ்பீக்கர், இரண்டு ஃபிளாஷ் விளக்கு, அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார், பின்னால் அலைவரிசை மாற்றும் குமிழ். புறாவுக்கு என்றால் வாங்க வேண்டாம். ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்று, அதுவும் ஃபிளாஷுக்காக.

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அலைவரிசை 15 முதல் 25 கிலோஹெர்ட்ஸ் என்றோ அதற்கு மேலோ போட்டிருக்கும். ‘மனிதருக்குக் கேட்காது’ என்பதுதான் விளம்பரமே. மனிதக் காது இளம் வயதில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். புறாவின் காதோ சுமார் 10-க்குள் முடிந்துவிடும்; அதற்கு நன்றாகக் கேட்பது 1 முதல் 4 வரைதான். நமக்கே கேட்காதது அதற்கு எங்கே கேட்கப்போகிறது?

காரணம் உட்காதில் இருக்கிறது. நம் காக்ளியா, அதாவது உட்காதில் ஒலியை உணரும் குழல், இரண்டரைச் சுற்றுச் சுருள், நீட்டி வைத்தால் சுமார் 35 மி.மீ. பறவைக்குச் சுருளே கிடையாது. லேசாக வளைந்த ஒரு குட்டைக் குழல், அவ்வளவுதான். புறாவில் உள்ளே இருக்கும் கேட்கும் பட்டை 5 மி.மீ. அளவு. இரவில் ஒலியை வைத்தே எலி பிடிக்கும் கூகைக்குக்கூட அது 11 மி.மீ. போலத்தான், கேட்கும் எல்லை சுமார் 12 கிலோஹெர்ட்ஸ். நடுக்காதிலும் வித்தியாசம் உண்டு. நமக்குச் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று எலும்பு. பறவைக்கு ஒரே எலும்புக் குச்சி. உயர் அலைவரிசை ஒலியை உள்ளே கடத்த அது தோதுப்படாது.

பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும், எலிக்கு 70 வரை. ஆக, பெட்டியின் சத்தம் போய்ச் சேருவது புறாவைத் துரத்தக்கூடிய பூனையின் காதில்!

முதல் சில நாள் புறா வராததைப் பார்த்து ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். அது ஃபிளாஷும் புதுப்பொருள் பயமும் செய்த வேலை. பழகியதும் பெட்டி மேலேயே உட்காரும். சென்சாரும் உதவாது: மேல்மாடி விளிம்பில் அசையாமல் அடைகாக்கும் புறா அதற்குத் தெரியாது. சந்தேகமிருந்தால் போனில் ஸ்பெக்ட்ரம் ஆப் (ஒலியின் அலைவரிசைகளை வரைபடமாகக் காட்டுவது) போட்டு, குமிழை ஆகக் குறைந்த அளவில் வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் எழும் கூம்பு 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயே நின்றால் விஷயம் முடிந்தது.

சைரன், வெடி என்று சத்தத்தைக் கூட்டினாலும் நஷ்டம் நமக்கே. பேரிரைச்சலில் உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் சாகும். பறவைக்கு அவை திரும்ப முளைக்கும் என்பது 1988-இல் கோழிக்குஞ்சிலும் காடையிலும் காட்டப்பட்டது. மனிதருக்கு முளைப்பதில்லை. வாட்ச்மேனுக்குப் போன காது போனதுதான்.

அந்தக் காசுக்கு வலை போடுங்கள். புறாவுக்கு 50 மி.மீ. கண் போதும், வெயில் தாங்கும் யு.வி. ரகமா என்று கேட்டு வாங்கவும். முற்றத்தைச் சுற்றி முதலில் ஸ்டீல் கம்பி இழுத்துக்கட்டி, அதில் வலையை விறைப்பாகக் கோக்க வேண்டும். தொய்ந்தால் பறவை சிக்கிச் சாகும், ஓரத்தில் இடைவெளி விட்டால் உள்ளே நுழையும். கொக்கியை உத்தரத்திலோ இரும்புக் கம்பியிலோ கிளாம்ப் போட்டு மாட்டச் சொல்லுங்கள். சுதை வேலையிலும் பழைய சுண்ணாம்புப் பூச்சிலும் டிரில் வைத்தால் பொரிந்து கொட்டும், அதே பூச்சைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது லேசில்லை. வலைக்கு முன் எச்சத்தை அகற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மாஸ்க் போட்டுச் சுரண்டவும். காய்ந்ததைக் கூட்டினால் தூசி நுரையீரலுக்குப் போகும். கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரை வலைக்காரரை வரச்சொல்லாதீர்கள்.