ஊதும் பூட்டா, விரல் சென்சாரா?

அமெரிக்காவின் 2021 உள்கட்டமைப்புச் சட்டம், புதுக் கார்களில் குடிபோதைத் தடுப்புக்கு விதி வகுக்கச் சொன்னது.

குடித்து ஓட்டிப் பிடிபட்டவர் காரில் இப்போது கோர்ட் உத்தரவில் மாட்டுவது இன்டர்லாக் என்ற ஊதும் பூட்டு. குழாயில் ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும். உள்ளிருக்கும் ஃபியூயல் செல்லில் ஆல்கஹால் பட்டதும் மின்னோட்டம் உண்டாகும், அதுவே அளவு. மவுத்வாஷ் கொப்பளித்த கையோடு ஊதினால் அதையும் போதைக் கணக்கில் சேர்த்துவிடும். தண்ணீரில் வாய் கொப்பளித்து 15 நிமிடம் பொறுக்க வேண்டும். வண்டி ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். தொல்லைதான், ஆனால் களத்தில் தேறியது.

விரல் சென்சாரில் அகச்சிவப்பு ஒளி, தோலுக்கடியில் நுண்குழாய் ரத்தத்தின் ஆல்கஹாலை அளக்கும். மவுத்வாஷ் குழப்பம் இல்லை. ஆனால் அழுத்தியது ஓட்டுநர் விரல்தானா? பெரும்பாலான மாநிலங்களில் ரத்த ஆல்கஹால் வரம்பு 0.08%, அதையொட்டிச் சின்னப் பிழை வந்தாலும் வரம்புக்குள் இருப்பவர் நடுரோட்டில் நிற்பார். பிடிபட்டவருக்கு இன்டர்லாக்கே சரி. எல்லாருக்கும் என்றால் விரல் சென்சார், அதுவும் இந்தப் பிழை தீர்ந்த பிறகு.