அம்பாசமுத்திரம் ரயிலில் மூன்றரை வருடப் பிரெஞ்சு

பாண்டிச்சேரியில் மதினி வீட்டுக்குப் போயிருந்தபோது, தெருப் பலகைகளில் இருந்த பிரெஞ்சுப் பெயர்களை வாய்விட்டு வாசிக்க ஆசைப்பட்டேன். அங்கே தொடங்கியதுதான். ஊருக்கு வந்து விசாரித்தால், பக்கத்தில் போய்ப் படிக்க வகுப்பு எதுவும் அகப்படவில்லை. வேலைக்காகத் தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ரயிலில் போகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதையே வகுப்பாக வைத்துக்கொண்டேன். மூன்றரை வருடம் ஆகிறது. தனியாகப் படிக்க நினைப்பவர்களுக்கு எது கைகொடுக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் விளையாட்டுபோலச் சொல்லித்தரும் ஒரு செயலியில் போனது. தினமும் உட்காரும் பழக்கம் வந்தது, அது நல்லது. ஆனால் அதன்பிறகு பிரெஞ்சுச் செய்தி ஒன்றைக் கேட்டபோது ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை.

அப்புறம்தான் டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் மொழி கற்பிக்கும் தளத்துக்கு வந்தேன். இலவசம். ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து ஏ2, பி1, பி2 வரை நிலை வாரியாகச் சின்னச் சின்னக் காணொளிகளும் பயிற்சிகளும் இருக்கின்றன. ஏ1, ஏ2 இரண்டையும் இதிலேயே முடித்தேன்.

ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியைத்தான் சொல்வேன். தினமும் பத்து நிமிடம். கடினமான சொல் வந்தால் செய்திக்குள்ளேயே விளக்கிவிடுகிறார்கள்; பேசியதன் முழு எழுத்து வடிவமும் தளத்தில் கிடைக்கும். காலையில் எழுத்தைப் பார்க்காமல் ஒரு தடவை கேட்பேன். சேரன்மகாதேவி தாண்டியதும் எழுத்தோடு சேர்த்துக் கேட்டு, தவறவிட்ட இடங்களை நோட்டில் குறிப்பேன். சாயங்காலம் திரும்பும்போது அந்த இடங்களை மட்டும் மறுபடி. பிரெஞ்சுக்கு இது ஏன் அவசியம் என்றால், எழுதுவதில் பாதியை அவர்கள் உச்சரிப்பதில்லை. ‘நீ பேசுகிறாய்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ இரண்டிலும் வினைச்சொல் எழுத்தில் வேறு வேறு. காதுக்கு இரண்டும் ‘பார்ல்’தான். கண்ணும் காதும் சேர்ந்து பழகாவிட்டால் கடைசிவரை தடுமாற்றம்தான்.

உச்சரிப்புக்கு ஃபோர்வோ தளம் நல்லது. எந்தச் சொல்லையும் அந்த மொழிக்காரர் குரலிலேயே கேட்கலாம். ஆனாலும் மூக்கொலிகள் எனக்கு வரவேயில்லை. ‘நல்ல’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘போன்’. எழுத்தில் ‘ன்’ உண்டு, வாயில் கிடையாது. நாக்கு எங்கும் தொடாமல் ‘ஓ’ மூக்கில் ஒலித்து நிற்க வேண்டும். இரண்டு வாரம் முயன்றுகொண்டிருந்தேன். ஒருநாள் ஆச்சி வாசலில் இருந்து, “ஏட்டி, சாஞ்சு கிடக்கு பாரு நம்ம முருங்க மரம்” என்றாள். அந்த ‘மரம்’ காதில் அப்படியே நின்றுவிட்டது. ‘ம்’ சொல்ல ஆச்சி உதட்டை மூடவே இல்லை! உயிரெழுத்து மூக்கில் ஏறி நின்றுவிட்டது. நாமெல்லாம் தினமும் அப்படித்தான் பேசுகிறோம். அன்றைக்கே ‘போன்’ வந்துவிட்டது.

இதேபோல நம் புணர்ச்சி இலக்கணமும் உதவியது. காடு + இல்லை ‘காடில்லை’ ஆகும்போது உகரம் விழுகிறது அல்லவா, ‘ல’ + ‘அமி’ சேர்ந்து ‘லமி’ ஆவதும் அப்படித்தான். ‘ல’ ஆண்பால் சொல்லுக்கு முன்னால் வருவது, ‘அமி’ என்றால் நண்பன். பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

சொற்களை மனப்பாடம் செய்ய ஆங்கி என்ற செயலி; சொல்லுக்கு ஒரு அட்டை போட்டுப் பழகலாம். மறந்த அட்டை சீக்கிரம் திரும்பி வரும், நினைவிருப்பது தள்ளிப்போகும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதெல்லாம் அஃறிணையில் வளர்ந்த நமக்குப் புதிது. அதனால் மேசைக்கு ‘தாப்ல்’ என்று மட்டும் எழுதாமல், பெண்பாலைக் காட்டும் ‘லா’வையும் சேர்த்து ‘லா தாப்ல்’ என்றே அட்டை போடுங்கள். நான் முதலில் இதைச் செய்யாமல் அறுநூறு அட்டைகளைத் திரும்ப எழுதினேன்.

பேச்சுக்கு ஆள் வேண்டும், அதற்கு எந்தச் செயலியும் ஈடாகாது. மதினியின் தோழி ஒருவர் ஞாயிறுதோறும் போனில் அரை மணி நேரம் பேசுகிறார். நான் மரியாதையாக ‘வூ’ போட்டுப் பேசினால், “அக்கான்னே கூப்பிடு, ஆனா ‘தூ’ன்னு பேசு” என்பார். ‘நீங்க’ என்றே பழகிய வாய்க்கு அக்காவை ‘நீ’ என்பது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

போன வருடம் சென்னை நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில், பிரெஞ்சுத் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வை ஏ2 நிலையில் எழுதினேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5-க்குக் குறையக்கூடாது. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கேட்டலில்தான் எனக்கு அதிக மதிப்பெண்.

இப்போது பி1-க்குப் படிக்கிறேன். எண்கள் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை: 80 என்றால் ‘நான்கு இருபது’, 97 என்றால் ‘நான்கு இருபது பதினேழு’. பிரான்ஸில் போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். அதனால் பேட்டை தாண்டியதும் ஜன்னலோரம் வந்துவிடுவேன். கடைப் பலகைகளில் இருக்கும் போன் நம்பர்களை ஜங்ஷன் வரும்வரை பிரெஞ்சில் வாசித்துக்கொண்டே போகிறேன்.