குடியிருப்போருக்கே முதல் வாய்ப்பு: வாஷிங்டன் சட்டம் எவ்வளவு பயன்படுகிறது?

ஒரு கட்டடம் விற்கப்படும்போது அதில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குப் பெரும்பாலான ஊர்களில் கடைசியாகத்தான் செய்தி வருகிறது. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 1980 முதல் நடப்பில் இருக்கும் குடியிருப்போர் கொள்முதல் வாய்ப்புச் சட்டம் இந்த வரிசையை மாற்றி அமைத்தது. உரிமையாளர் கட்டடத்தை வெளியாருக்கு விற்பதற்கு முன், அதே கட்டடத்தை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைக் குடியிருப்போருக்கு எழுத்து மூலம் அளித்தாக வேண்டும். அதை ஒரு பொதுச் சேவையாகக் கொண்டு, பயன்படுத்த வேண்டிய வாடகைதாரரின் இடத்தில் நின்று மதிப்பிடுகிறேன். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டடங்களுக்கான விதிகளையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். சட்டத்தின் முழு வலிமையும் அங்கேதான் தெரிகிறது.

விற்பனை அறிவிப்பு வந்ததும், சங்கம் இல்லாத கட்டடத்தில் குடியிருப்போர் 45 நாட்களுக்குள் சங்கம் அமைத்துப் பதிவு செய்து, வாங்க விரும்புவதாகத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் விலை பேசி ஒப்பந்தம் செய்ய 120 நாட்களும், கடனுக்கு ஏற்பாடு செய்து கிரயத்தை முடிக்க மேலும் 120 நாட்களும் கிடைக்கின்றன. கடன் வழங்கும் நிறுவனம் கூடுதல் அவகாசம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் இந்தக் காலம் நீளும். வாடகை வரவு, பராமரிப்புச் செலவு போன்ற கணக்குகளைச் சங்கம் கேட்டால் உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் தர வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பேச்சுவார்த்தைக் காலம் ஒரு நாள் கூடும். முன்பணமாக விலையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கேட்க முடியாது, நல்லெண்ணத்தோடு முயன்றும் வாங்க முடியாமல் போனால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். சொத்து வாங்கிப் பழக்கமில்லாதவர்கள் எங்கெங்கே தடுமாறுவார்கள் என்று அறிந்தவர்கள் எழுதிய விதிகள் இவை. நான் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியைத்தான்.

பிரான்சின் 1989ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அங்கு உரிமையாளர் வீட்டை விற்பதற்காக வாடகைதாரரை வெளியேறச் சொன்னால் அந்த அறிவிப்பே விற்பனை முன்மொழிவாகவும் ஆகிறது. அதை ஏற்க வாடகைதாரருக்கு இரண்டு மாதம் உண்டு. பின்னர் வேறொருவருக்குக் குறைந்த விலைக்கு விற்க முற்பட்டால் அந்த விலையை வாடகைதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். விதி நேர்மையானது. ஆனால் வாங்க வேண்டியவர் தனியொருவர், பணமும் அவர் கையில் இருந்தாக வேண்டும். வாஷிங்டனிலோ ஒரு கட்டடத்தின் மக்கள் சேர்ந்து கூட்டுறவாக வாங்க முடிகிறது, நகர அரசின் வீட்டுவசதி நிதியிலிருந்து கடன் கேட்கவும் வழி இருக்கிறது.

அந்த நிதிதான் இச்சேவையின் பலவீனமும்கூட. நிதிக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகை கூடிக் குறைவதால், ஒரே உரிமை ஓராண்டில் கட்டடத்தை வாங்கும் வலிமையாகவும் அடுத்த ஆண்டில் வெறும் காகிதமாகவும் இருக்கக்கூடும். பணம் கிடைக்காதபோது சங்கத்துக்கு எஞ்சுவது தன் உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பது. சட்டம் இதை அனுமதிக்கிறது. வாடகை உயர்வுக்கு வரம்பு, பழுதுபார்ப்புக்கு உறுதி ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டு இலாப நோக்கற்ற அமைப்புக்கு மாற்றினால், வாங்காமலேயே குடியிருப்பு நிலைக்கும். இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு எல்லோரும் வெளியேறினால், சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவர்களே அந்தக் கட்டடத்தில் இருக்கமாட்டார்கள். தொகையை ஏற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெருக்கடியில் இருப்பவருக்குக் கையில் வரும் பணமே பெரிது.

ஏமாற்று வழிகளும் இருந்தன. கட்டடத்தின் உரிமையில் 95 விழுக்காட்டை முதலில் மாற்றி, மீதி 5 விழுக்காட்டைப் பின்னர் மாற்றினால் அது விற்பனை ஆகாது என்று சிலர் நடத்திவந்ததை 2005இல் வந்த திருத்தம் தடுத்தது. மறுபுறம், 2018இல் தனி வீடுகள் பெரும்பாலும் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டன. தனி வீட்டில் ஒரே வாடகைதாரர் விற்பனையை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, விலகிக்கொள்வதற்குப் பணம் கேட்க முடிந்தது என்ற புகாரில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த நியாயம் பல குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிகளுக்குப் பொருந்தாது.

இந்தச் சேவையை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. ஏற்கெனவே சங்கம் உள்ள கட்டடத்துக்குப் பதிலளிக்க 30 நாள் மட்டுமே தரப்படுகிறது, அதாவது 15 நாள் குறைவு. அப்படியிருந்தும் சங்கத்தை முன்கூட்டியே அமைத்து வைப்பதே நல்லது. பல மொழி பேசுகிற, வெவ்வேறு நேரங்களில் வேலைக்குச் செல்கிற குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ஒப்புதலைப் பெற்று, வழக்கறிஞரையும் தேடிப் பிடிப்பதற்கு 45 நாள் போதாது.