ஜீரோ எரர் என்று சொல்லி ஒட்டுப்போட்ட மாடல்: மணலி, மாதவரம் பக்கம் கட்டுபவர்கள் கவனிக்கவும்

கீழே கான்க்ரீட், மேலே இரும்பு ஷெட் என்று இரண்டு பேரிடம் டிசைன் (கம்ப்யூட்டர் மாடல்) வாங்கிவிட்டு, "ரெண்டு மாடலையும் ஒண்ணா சேர்த்துத் தர்றோம்" என்று சொல்லும் ஆபீசுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்களா? பைல் (அஸ்திவாரத்துக்கு மண்ணுக்குள் இறக்கும் தூண்) மெஷின் வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆபீஸ் பெயரைப் போடவில்லை, இன்பாக்ஸிலும் கேட்காதீர்கள். என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் போதும், யார் செய்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் வேலை மணலியில் ஒரு குடோன். தரையும் முதல் தளமும் கான்க்ரீட், 9 மீட்டருக்கு மேல் இரும்புத் தூண், கூரை. கான்க்ரீட்டை எங்கள் எஞ்சினியர் ஸ்டாட் புரோ என்ற கட்டடக் கணக்கு சாஃப்ட்வேரில் போட்டார். கூரையை ஷெட் கம்பெனிக்காரர்கள் தனியாக ஸ்டாடிலேயே போட்டார்கள், அவர்கள் தூண் தரையில் நிற்பது போல. அதில் தப்பில்லை, அவர்களிடம் கேட்டது அவ்வளவுதான். ஆனால் ப்ரூஃப் செக் (டிசைனை வெளியாள் சரிபார்ப்பது) பார்க்கிற பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னை நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1893 (2016) படி மண்டலம் 3, காற்று விநாடிக்கு 50 மீட்டர், கடலோ பக்கத்தில். ஆடுகிற கட்டடத்தின் தலையில் நிற்கும் கூரையும் தரையில் நிற்கும் கூரையும் ஒரே மாதிரி ஆடாது, ஒரே மாடலாகக் கொண்டு வாருங்கள் என்றார். நியாயம்தான்.

எங்கள் எஞ்சினியருக்கு நேரமில்லை. தெரிந்தவர் சொல்லி மாதவரம் ரவுண்டானா பக்கம் ஒரு ஆபீசுக்குப் போனோம். ஏசி ரூம், பெரிய மானிட்டர், பேச்சு படு சுத்தம். பாதிக்கு மேல் பணத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் தலையணை கனத்துக்கு ஒரு ரிப்போர்ட் வந்தது. "ரன் ஆயிடுச்சு சார், ஜீரோ எரர், பைல் லோடு கடைசிப் பக்கத்துல இருக்கு, மீதியப் போட்டு வுடுங்க" என்றார் அந்தத் தம்பி. மாடல் ஃபைலைக் கேட்டதும்தான் முகம் மாறியது. அது கம்பெனி பாலிசியாம், பிடிஎஃப் மட்டும்தான் தருவார்களாம். நம் இரண்டு ஃபைலை வாங்கிக்கொண்டு நம்மிடமே பாலிசி பேசுகிறார்கள்! சண்டை போட்டு வாங்கினோம்.

எங்கள் எஞ்சினியர் ராத்திரி உட்கார்ந்து திறந்து பார்த்தார். ரியாக்‌ஷன் டேபிளில் (எந்தப் புள்ளி எவ்வளவு பாரம் தாங்குகிறது என்ற பட்டியல்) பைல் கேப்புக்கு உரிய நோடுகளோடு (தூண், பீம் சேரும் புள்ளிகள்), 9 மீட்டர் உயரத்தில் இருக்கும் நோடுகளும் வரிசையாக நின்றன. ஷெட் மாடலில் தூண் தரையில் நிற்பதாக வைத்திருந்த சப்போர்ட்டை எடுக்கவே இல்லை. ஓரத்துத் தூண்கள் எல்லாமே அப்படி, கூரையின் பாரம் கான்க்ரீட்டுக்கு இறங்காமல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. ஏன் ஓரம் மட்டும் என்றால், ஷெட்டுக்காரர்கள் அளவு இரும்பின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம், கான்க்ரீட் அளவு தூணின் மையத்திலிருந்து மையம். அதனால் நடுவில் இருந்த தூண்கள் பொருந்தின, ஓரத்துத் தூண்கள் தள்ளி நின்றன. நோடு ஒரே இடத்தில் இருந்தால், அல்லது நாம் கொடுக்கும் டாலரன்சுக்குள் (அனுமதிக்கும் சின்ன விலகலுக்குள்) இருந்தால் மட்டும்தான் சாஃப்ட்வேர் சேர்க்கும். தள்ளி நிற்பதைக் குட்டி பீம் போட்டோ ஆஃப்செட் கொடுத்தோ ஆள்தான் இணைக்க வேண்டும். இவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. சப்போர்ட் இருந்ததால் கூரையும் விழவில்லை, எரரும் வரவில்லை. ஜீரோ எரர் என்றது இதைத்தான்!

அதைவிட மோசம் லோடு கேஸ், அதாவது ஒவ்வொரு வகைப் பாரத்துக்கும் எண் போட்டுத் தனியாக வைப்பது. கான்க்ரீட் மாடலில் 1, 2 நிலநடுக்கம், 3 டெட் லோடு, அதாவது கட்டடத்தின் நிரந்தர எடை (ஸ்டாடில் நிலநடுக்க கேஸை முதலில் போடுவதுதான் வழக்கம்). ஷெட் மாடலில் 1 டெட், 2 லைவ் (வந்து போகும் பாரம்), 3 காற்று. எண்ணை மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். ஷெட்டின் செல்ஃப் வெயிட் வரி மொத்தக் கட்டடத்துக்கும் பொருந்தி நிலநடுக்கக் கேஸில் உட்கார்ந்துகொண்டது. கூரையைத் தூக்குகிற காற்று டெட் லோடில் போய்ச் சேர்ந்தது. பைலுக்கு வர வேண்டிய பாரம் ஒரு பக்கம் வரவில்லை, வரக்கூடாதது இன்னொரு பக்கம் வந்திருக்கிறது, கூட்டிப் பார்த்தால் ஏதோ நம்பும்படியான எண்ணாகவே தெரிகிறது. அதுதான் பயம்.

போன் போட்டுக் கேட்டால், "சாஃப்ட்வேரே பாத்துக்கும் சார்". நிலநடுக்கத்துக்கு எந்த ஆர் மதிப்பு (நிலநடுக்க விசையை எவ்வளவு குறைத்துக் கணக்கிடலாம் என்ற எண்) எடுத்தீர்கள், கான்க்ரீட்டுக்கு உண்டானதா இரும்புக்கு உண்டானதா என்றால், "டிஃபால்ட் சார்". ரிப்போர்ட்டில் இருக்கும் கையெழுத்து ஸ்கேன் செய்து ஒட்டியது, ஒவ்வொரு பக்கத்திலும் அதே கோணம். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டோம், "ஐயா வெளியூர்ல இருக்கார்". இன்னும் வரவில்லை போல.

சரி, நீங்கள் பார்க்க வேண்டியது. ஸ்டாடிக்ஸ் செக்கை (ஒவ்வொரு கேஸிலும் மொத்தப் பாரத்தைக் காட்டும் பட்டியல்) பிரிண்ட் போடச் சொல்லுங்கள். எக்ஸ் திசை நிலநடுக்கக் கேஸில் செங்குத்துப் பாரத்தின் மொத்தக் கூட்டு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும், அந்தக் கேஸ் கிடைமட்டமாக மட்டும்தான் தள்ளும். எங்களுடையதில் கட்டடத்தின் முழு எடையும் அங்கே இருந்தது. டெட் லோடு கேஸின் கூட்டு, இரண்டு தனி மாடல்களின் டெட் லோடைக் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருக்கிறதா என்று கால்குலேட்டரில் தட்டுங்கள். ரியாக்‌ஷன் டேபிளில் தரைக்கு மேலே ஏதாவது நோடு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் காற்று: ஐஎஸ் 875 பகுதி 3 (2015) படி கிழக்குக் கடற்கரையில் தொழிற்கூடத்துக்கு கே4 (புயலுக்காகக் காற்று வேகத்தைப் பெருக்கும் எண்) 1.15, மற்றதுக்கு 1.0. எங்கள் ஷெட்டில் 1.15, கான்க்ரீட்டில் 1.0, சேர்த்தவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

மாடல் ஃபைலைக் கையில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுக்கவில்லை, போன அட்வான்ஸும் திரும்பவில்லை, "அடுத்த வேலைல கழிச்சுக்கலாம் சார்" என்கிறார்கள். பைல் மெஷினைத் தள்ளி வைத்ததில் வாடகை தண்டம் வேறு. எங்கள் எஞ்சினியரே இப்போது ஷெட் நோடுகளை, கான்க்ரீட் எண்ணோடு மோதாதபடி 1001-இலிருந்து எண் மாற்றி, லோடு கேஸைப் பிரித்து, முதலிலிருந்து சேர்த்துக்கொண்டிருக்கிறார்.