பழைய மேட்ச்களை முழுசாகக் காட்டும் ஸ்ட்ரீமிங் சேவை: சந்தா கட்டலாமா?

கட்டலாம். ஹைலைட்ஸ் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் கண்டிப்பாகக் கட்டலாம். சர்வதேச கிரிக்கெட்டின் மறக்க முடியாத ஆட்டங்களைப் பெரும்பாலும் வெட்டாமல், அன்றைய வர்ணனையோடு ஓவர் ஓவராகப் போட்டிருக்கிறார்கள்.

1999 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதிய அரையிறுதியையே எடுத்துக்கொள்வோம். எட்ஜ்பாஸ்டன், கடைசி ஓவர், தென்னாப்பிரிக்காவுக்கு 9 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட், ஃபிளெமிங் போட்ட முதல் இரண்டு பந்தையும் க்ளூஸ்னர் பவுண்டரிக்கு விரட்டி ஸ்கோரைச் சமன் செய்துவிட்டார். ஊரெல்லாம் சுற்றுகிற துணுக்கு வீடியோக்கள் அங்கிருந்து நேராக நான்காவது பந்துக்குத் தாவிவிடும்: க்ளூஸ்னர் ஓடி வருகிறார், எதிர்முனையில் இருந்த டொனால்ட் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், மட்டையும் கீழே விழுகிறது, ரன் அவுட். பார்க்கிறவர் டொனால்டைத்தான் திட்டுவார். ஆனால் மூன்றாவது பந்திலேயே அவர் கிரீஸை விட்டு வெகுதூரம் வந்து மாட்டியிருக்க வேண்டியவர். ஆஸ்திரேலிய ஃபீல்டர் லேமன் கிட்டத்திலிருந்து எறிந்தது ஸ்டம்பில் படாததால்தான் பிழைத்தார். அதைப் பார்த்த பிறகு, அந்த மனிதர் அடுத்த பந்துக்கு ஏன் தயங்கினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரு அணியும் 213, அரையிறுதிக்கு முந்தைய சூப்பர் சிக்ஸ் சுற்றின் பட்டியலில் மேலே இருந்ததால் ஆஸ்திரேலியா இறுதிப்போட்டிக்குப் போனது.

ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 2001 கொல்கத்தா டெஸ்டின் நான்காம் நாளும் முழுசாக இருக்கிறது. லக்ஷ்மண், டிராவிட் ஜோடி சேர்த்த 376 ரன்னைவிட, நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழாமல் மெக்ராத், வார்ன் எல்லாரும் ஓய்ந்து, பான்டிங், ஹெய்டன் கையில் பந்து போகிற அந்த நிலைமை இருக்கிறதே, அதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. முகப்புப் படத்திலேயே முடிவைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள், புதிதாகப் பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம். தேடல் வசதி சரியில்லை, ஆண்டைப் போட்டால்தான் ஏதாவது வருகிறது. இந்தியா, ஆஸ்திரேலியா இரண்டின் ரன்னும் சமமாக முடிந்த 1986 சேப்பாக்கம் டை டெஸ்டுக்கு, மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகிற அந்தக் கடைசி ஓவரை மட்டும் வைத்திருக்கிறார்கள், டீன் ஜோன்ஸின் 210 எங்கே? 1983 உலகக் கோப்பையில் கபில்தேவ் அடித்த 175-ஐத் தேடாதீர்கள், அந்த ஆட்டம் படம்பிடிக்கப்படவே இல்லை, அதற்கு இவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம், சில பழைய டெஸ்ட்களில் மூல வர்ணனையை எடுத்துவிட்டுப் புதுக் குரலை ஒட்டியிருக்கிறார்கள். அமைப்புகளில் ஒலியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.