புரூடர் பெட்டியும் ஒரு விரல் சந்தும்

நேற்று உடுமலையிலிருந்து தோழி போன் பண்ணினாள். “ஏனுங்க்கா, உங்க ஊட்டுல இருக்கற அந்தக் குஞ்சுப் பொட்டி இப்ப விலை குறைஞ்சிருக்குது. வாங்கீரலாமுங்களா? ஊட்டுக்குள்ள வெச்சா நாத்தம் வராதுங்களா?” பாதி பதிலிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

புரூடர் பெட்டி, அதாவது குஞ்சுகளைப் பல்புச் சூட்டில் வளர்க்கும் பெட்டி, ஒன்றரை வருஷமாக என்னிடம் இருக்கிறது. ஐந்து பேட்ச் ஓட்டியாயிற்று, ஒவ்வொன்றிலும் 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள். குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் இரண்டு 40 வாட் குண்டு பல்பு. கீழே கம்பி வலை, வலைக்கு அடியில் இழுத்து எடுக்கும் தட்டு. முதல் நாலு நாள் வலைமேல் சொரசொரப்பான காகிதம் விரிக்க வேண்டும். வழவழப்பான நியூஸ் பேப்பர் போட்டால் கால் வழுக்கி அகண்டுபோகும்.

அந்தத் தட்டுக்காகத்தான் வாங்கினேன், அது பொய்க்கவில்லை. மஞ்சி (தேங்காய் நார்) மில்லிலிருந்து கொண்டுவந்த நார்க்கழிவை அதில் ஒரு அங்குலத்துக்குப் பரப்பிவிடுவேன். அது ஈரத்தை அப்படியே குடித்துக்கொள்ளும். காலையும் மாலையும் இழுத்து, கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டிவிட்டு, புதிதாகப் பரப்பினால் வேலை முடிந்தது. உமி போட்டு வளர்த்த காலத்தில் தினமும் கிளறிக் கிளறி இடுப்பு ஒடிந்தது.

ஆனாலும் முதல் பேட்ச்சில் ஐந்தாம் நாளிலிருந்தே அறையில் ஒரு நெடி. அத்தை சமையலறையிலிருந்து, “கண்ணு, எதோ செத்துக் கெடக்குதாட்ட இருக்குது, பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தட்டைப் பார்த்தால் சுத்தம். தரையை பினாயில் போட்டுத் துடைத்தேன். சுண்ணாம்பு நாற்றத்தை எடுக்கும் என்று யாரோ சொல்ல, பெட்டிக்குள்ளும் அடியிலும் தூவினேன். அன்று ராத்திரி நெடி இரண்டு மடங்கானது. ஈர எச்சத்தில் சுண்ணாம்பு பட்டால் காரத்தன்மை ஏறி, உள்ளே அடங்கிக் கிடக்கும் அம்மோனியா ஆவியாகக் கிளம்பும் என்பது பிறகுதான் தெரிந்தது. கொட்டகையைக் காலி செய்து கழுவிய பிறகு பூசுவதற்குத்தான் சுண்ணாம்பு.

ஏழாம் நாள் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்து விட உட்கார்ந்தேன். ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்தால், பலதுக்கும் கண் ஓரத்தில் நீர் கோத்திருந்தது. ஒன்று இமையைத் திறக்கவே இல்லை. உள்ளங்கையில் அது தலையைத் தொங்கப்போட்டபடி நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. நாம் நின்றபடி மூச்சு விடுகிறோம், போதாததற்கு மூக்கும் பழகிப்போகிறது. குஞ்சு மூச்சு விடுவது எச்சத்துக்கு நாலு விரல் மேலே.

பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி டார்ச் அடித்தேன். தட்டு பின்சுவர் வரைக்கும் போகவில்லை. ஒரு விரல் அகலத்துக்குச் சந்து. அந்தச் சந்துக்கு நேர் மேலே தண்ணீர் டப்பா. எச்சமும் சிந்தின தீவனமும் தண்ணீரும் ஒன்றாகக் குழைந்து, பல்புச் சூட்டில் ஊறி, ஈப்புழு நெளிந்துகொண்டிருந்தது. காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது. ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் கிருமி வேலை செய்து அம்மோனியா கிளம்புகிறது. அந்தச் சந்தில் இரண்டுமே இருந்தன.

விற்றவரிடம் கேட்டதற்கு, “எல்லாப் பொட்டியும் அப்படித்தாங்க வருது, கழுவிக்குங்க” என்றார். ஒரு விரல் தகடு கூடுதலாகப் போட என்ன செலவாகிவிடும்? இதைச் செய்தவர் ஒரு நாளாவது குஞ்சு வளர்த்திருந்தால் அந்தச் சந்தை விட்டிருக்க மாட்டார்.

நானே ஒரு வழி செய்தேன். பழைய ஃப்ளெக்ஸ் துணியில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை வெட்டி, பின்பக்கம் வலையின் விளிம்பில் கம்பியால் கட்டி, தட்டுக்குள் சரிவாக விழும்படி தொங்கவிட்டேன். விழுவதெல்லாம் சறுக்கித் தட்டுக்கே வந்துவிடுகிறது. பேட்ச்சுக்கு ஒரு பட்டை மாற்ற வேண்டும். தண்ணீர் டப்பாவையும் முன்பக்கம் மாற்றி, குஞ்சின் முதுகு உயரத்துக்குக் கட்டை வைத்துத் தூக்கினேன். அவை வளர வளரக் கட்டையும் உயரும். பாதிச் சிந்தல் அதிலேயே நின்றது. கண் திறக்காத அந்தக் குஞ்சும் நாலு நாளில் தேறிவிட்டது.

போன பேட்ச்சில் அத்தை அதே அறையில், பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மொச்சை உரித்தார். நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மத்தியானம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் தோழிக்கு என் பதில்: வாங்காதே. விலை இன்னும் குறைந்தாலும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் சாமானில், புதுசாக வளர்க்க வருகிறவள் குஞ்சின் கண்ணைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கும்படி இருக்கக் கூடாது. ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக நிறுத்தி, உள்ளே நார்க்கழிவு பரப்பி ஆரம்பி. தினம் ஒரு பிடி அள்ளிப் பிசை. கட்டியாக நின்றால் ஈரம், மாற்று, உதிர்ந்தால் விடு.

“அப்ப உங்களுதை எனக்குக் குடுத்துருங்கக்கா” என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை 40 குஞ்சு வருகிறது. பட்டை வெட்டி வைத்தாயிற்று.