பழைய எண்ணா, புது எண்ணா? ராணுவம் கழித்த ரைபிளில் இரட்டை எண் வரும் கதை

அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்பவர் ஒவ்வொன்றிலும் தன் நிறுவனப் பெயர், ஊர், தயாரான நாடு, தொடர் எண் ஆகியவை இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ராணுவம் கழித்துவிட்ட ரைபிளில்தான் ஏற்கனவே எண் இருக்கிறதே, அது போதாதா? படிக்கும்படி இருந்து, வேறொன்றோடு மோதாமலும் இருந்தால் போதும். சிக்கல் அங்கேதான்.

சோவியத் ராணுவத்தின் மோசின் நாகாந்த் ரைபிளை எடுத்துக்கொள்வோம். போர்க்கால ரைபிள்களில் இரண்டு ரஷ்ய எழுத்துகள், பின்னால் எண். விதியோ ரோமன் எழுத்தைக் கேட்கிறது. ஆங்கில 'எச்' போலத் தெரிவதை ரஷ்யர் 'ன' என்று படிப்பார். 'பி' (P) போலிருப்பது அவருக்கு 'ர'. ஒருவர் உச்சரிப்பைப் பார்த்து மாற்றுவார், இன்னொருவர் உருவத்தைப் பார்த்து எழுதுவார். ஒரே ரைபிளுக்கு இரண்டு பதிவு!

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய ராணுவ ரைபிளான 98கே-யில் எழுத்துத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. 9999 வரை எண்ணிவிட்டு, ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி 1-லிருந்து தொடங்குவார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒவ்வோர் ஆண்டும் இதையே செய்தது. ஆலைக் குறியையும் ஆண்டையும் விட்டுவிட்டால் ஒரே எண் பல ரைபிள்களில் இருக்கும்.

புது எண் அடித்தால் இதெல்லாம் தீர்ந்தது. குற்றத்தில் சிக்கிய துப்பாக்கியை வெஸ்ட் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள அமெரிக்க அரசின் துப்பாக்கித் தடமறியும் மையம் தேடும்போது, சோவியத் ஆலையைக் கேட்டு என்ன பயன்? இறக்குமதியாளரின் ஏட்டில் ஆரம்பித்து மொத்த வியாபாரி, கடைக்காரர், முதலில் வாங்கியவர் என்று போக வேண்டும். அந்த ஏட்டில் தெளிவான, ஒரே ஓர் எண் இருந்தால் வேலை சுலபம். கிரீஸ் மண்டிய ரைபிள்களை ஒவ்வொன்றாகத் துடைத்து எழுத்துக்கூட்டுவதைவிட, இயந்திரத்தில் வரிசையாகப் பொறிப்பது வியாபாரிக்கும் வசதி. பழைய எண்ணை மட்டும் சுரண்டக் கூடாது, சுரண்டினால் குற்றம். ரைபிளில் இரண்டு எண் நிற்பது அதனால்தான்.

சேகரிப்பாளர்களுக்கு இது வயிற்றெரிச்சல். எண்ணின் உயரம் குறைந்தது 1/16 அங்குலம், ஆழம் 0.003 அங்குலம், அவ்வளவுதான் விதி கேட்கிறது. சில நிறுவனங்கள் விளம்பரப் பலகை மாதிரி குழல் நெடுகப் பெயரைப் பொறித்துவிடுகின்றன. 1968-க்கு முன் வந்த, இறக்குமதி முத்திரையில்லாத ரைபிளுக்குக் கூடுதல் விலை கிடைப்பதில் ஆச்சரியமில்லை.

என்னைக் கேட்டால் புது எண்ணுக்கே ஓட்டு. எழுத்தை மாற்றி எழுதிய பழைய எண் பார்க்க அசல் மாதிரி இருக்கும், ஆனால் ரைபிளில் அடித்த எண்ணும் அதுவல்ல, தேடுபவருக்கும் குழப்பம். புதிதை விதி கேட்கும் அளவில், சிறியதாகப் பொறித்தால் சேகரிப்பாளரும் சகித்துக்கொள்வார்.